காப்பதும் பூஞ்சை, தாக்குவதும் பூஞ்சை!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

மழைக்காலத்தில் ஊறுகாய்ச் சாடியைத் திறந்தால் மேலே வெண்படலம் தெரிகிறது. மூலையில் கிடந்த தோல் செருப்பில் பச்சைப் பொடி படிந்திருக்கிறது. நாலு நாள் வைத்திருந்த ரொட்டியில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. 'பூசணம் பிடித்துவிட்டது' என்று சொல்லி வழித்தெறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பூசணத்துக்கும், ஒருவர் உடலிலிருந்து எடுத்து மற்றொருவர் உடலில் பொருத்தப்பட்ட சிறுநீரகத்துக்கும் என்ன உறவு இருக்க முடியும்?

சென்ற ஆண்டு வரை நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். இன்று அவ்வாறு கேட்க மாட்டேன். இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியவை இரண்டு. ஒன்று, இவ்வாண்டு வகுப்பில் நாங்கள் படித்த பூஞ்சையியல். மற்றொன்று, என் கையால் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு தவறு. முதலாவதைப் பற்றி எழுதுவது எளிது. இரண்டாவதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எழுதினால் இன்னொரு வீட்டில் அது நேராமல் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா

என் சித்தப்பா விவசாயி. முப்பத்தைந்து வயதுக்குள் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. ஓராண்டுக்கு மேல் வாரத்துக்கு இருமுறை பேருந்தில் நகரத்துக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டார். பின்னர் என் அப்பாயி, அதாவது அவரைப் பெற்ற தாய், தம் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுத்தார். "பத்து மாசம் சுமந்தேன், இதைக் குடுக்கிறதா பெருசு?" என்று அப்பாயி சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அரசு மருத்துவமனையில் நடந்த அறுவை நன்கு முடிந்தது. சித்தப்பா மீண்டும் வயலில் இறங்கினார்.

சென்ற ஆண்டு கோடையில் அவருடைய இடுப்பில், வேட்டி கட்டும் இடத்தில், சிவந்த தடிப்பு ஒன்று வட்டமாகத் தோன்றியது. படர்தாமரை என்று நாம் சொல்வதுதான். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பும் மறைந்தது. களிம்பை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகப் பரவியது. இப்படியே மூன்று மாதங்கள் சென்றன. இடுப்பிலிருந்து தொடைக்கும் முதுகுக்கும் ஏறிவிட்டது.

அப்போதுதான் என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதியைத் தாண்டிக் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான் ஒருவனே. மருந்து அட்டையானாலும், வங்கித் தாளானாலும், ஆங்கிலத்தில் இருந்தால் அது என் கைக்குத்தான் வரும். "தம்பி, நீதான் படிச்சவன். நல்ல மருந்தாப் பார்த்து வாங்கிக் குடு" என்றார். என் நண்பன் ஒருவனுக்குப் படர்தாமரைக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். இட்ராகொனசோல் என்பது அதன் பெயர். பூஞ்சைக்கு எதிரான மருந்து என்று அட்டையிலும் அச்சிட்டிருந்தது. பத்து நாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். சரியான மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையும் கொண்டேன்.

அதன் பின் நடந்ததைச் சொல்லுமுன், அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவியலைச் சற்றே பார்ப்போம்.

உடல் ஏன் மறுக்கிறது?

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரருக்குப் பொருத்தினார். உலகில் முழு வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை இதுவே. இச்சாதனைக்காக 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள். ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டது.

மற்றவர்களின் நிலை அதுவன்று. தாய் தந்த சிறுநீரகமேயானாலும், பிள்ளையின் உடலுக்கு அது அயல் பொருள்தான். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் டி-அணுக்கள் எனப்படும் ஒரு வகையுண்டு. கிருமிகளையும் அயல் பொருள்களையும் அடையாளம் கண்டு போர் தொடுப்பது அவற்றின் தொழில். அவற்றுக்குப் பாசம் தெரியாது. புதிய சிறுநீரகத்தையும் பகைவன் என்றே கருதித் தாக்கும். இதைத்தான் நிராகரிப்பு என்கிறார்கள்.

எனவே, அந்த எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அன்று. சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுவதும் அடக்க வேண்டும். 1960-களில் அசதயோபிரின் என்ற மருந்தும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதற்குப் பயன்பட்டன. நம் நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை. ஆயினும், இத்துறையின் போக்கையே மாற்றிய மருந்துகள் பின்னர்தான் வந்தன. அவை வந்த இடம்தான் தாவரவியல் மாணவனை வியக்க வைப்பது.

மண்ணுக்குள்ளிருந்து வந்த மருந்துகள்

நார்வே நாட்டில் ஹர்டாங்கர்விட்டா என்று ஒரு குளிர்ந்த பீடபூமி உண்டு. அங்கிருந்து எடுத்துவரப்பட்ட ஒரு பிடி மண், சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தை அடைந்தது. அம்மண்ணில் டோலிபோகிளாடியம் இன்ஃப்ளேட்டம் என்ற பூஞ்சை வளர்ந்தது. அதிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் என்ற பொருளுக்கு டி-அணுக்களை அடக்கும் ஆற்றல் உண்டு என்பது 1972-இல் தெரிய வந்தது. 1983-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் பின் உறுப்பு மாற்று அறுவைகள் உலகெங்கும் பெருகின. இந்தப் பூஞ்சைக்கு இன்னொரு முகமும் உண்டு என்பது 1996-இல் கண்டறியப்பட்டது. வண்டுப் புழுக்களின் உடலில் புகுந்து அவற்றைத் தின்று வளரும் கார்டிசெப்ஸ் வகைப் பூஞ்சையின் பாலிலாப் பருவமே அது!

அடுத்தது மைக்கோஃபீனாலிக் அமிலம். இதை 1893-இலேயே இத்தாலிய அறிஞர் பார்தொலொமியோ கோசியோ, கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார். பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே! நூறாண்டுக் காலம் அது பெரும் பயனின்றிக் கிடந்தது. 1995-இல்தான் சிறுநீரக மாற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று என் சித்தப்பா காலையும் மாலையும் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று அதன் வழிவந்ததே.

அவர் உண்ணும் மற்றொரு மருந்து டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா மலைப்பகுதி மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்திலிருந்து இது கிடைத்தது. ஸ்ட்ரெப்டோமைசஸை முற்காலத்தில் கதிர்ப்பூஞ்சை என்று பூஞ்சைகளோடு சேர்த்தே எண்ணினர். இழை இழையாய் வளர்வதைக் கண்டு அவ்வாறு மயங்கினர். அது பாக்டீரியாவே என்று இன்று நாம் படிக்கிறோம். பெயரில் மட்டும் 'மைசஸ்' என்ற பூஞ்சைச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றினும் விந்தையானது சிரோலிமஸ் என்ற மருந்தின் கதை. பசிபிக் கடலின் நடுவேயுள்ள ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் ஓர் ஆய்வுக்குழு சென்று மண் கொண்டுவந்தது. கனடாவில், இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் அம்மண்ணின் ஸ்ட்ரெப்டோமைசஸ் ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, 1975-இல் உலகுக்கு அறிவித்தனர். எதற்கான மருந்தாக என்று நினைக்கிறீர்கள்? பூஞ்சையைக் கொல்லும் மருந்தாக! அது எதிர்ப்பாற்றலையும் அடக்கியதால் பூஞ்சை நோய்க்கு உதவாமற் போயிற்று. அக்குறையே பின்னர் நிறையாயிற்று. 1999-இல் அது சிறுநீரக மாற்றுக்கான மருந்தாக வெளிவந்தது.

இவ்வாறாக, பூஞ்சைகளும் அவற்றின் மண்ணுலகத் தோழர்களும் தந்த மருந்துகளால்தான் அப்பாயியின் சிறுநீரகம் சித்தப்பாவின் உடலில் வாழ்கிறது. இனி, அதே பூஞ்சை இனம் மறுபுறம் செய்வதைக் காண்போம்.

திறந்து கிடக்கும் வாசல்

நம் தோலின் மேற்பரப்பு கெரட்டின் என்ற புரதத்தாலான இறந்த அணுக்களின் அடுக்கு. முடியும் நகமும்கூடக் கெரட்டின்தான். பூஞ்சைகளில் சில இந்தக் கெரட்டினையே செரித்து உண்ணக் கற்றவை. டிரைகோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் ஆகிய மூன்று பேரினங்களும் இத்தகையன. படர்தாமரை, சேற்றுப்புண், நகச்சொத்தை ஆகியவற்றில் பெரும்பாலானவை இவற்றின் வேலை.

படர்தாமரை ஏன் வட்டமாக இருக்கிறது என்று எப்போதாவது எண்ணியதுண்டா? பூஞ்சை ஒரு புள்ளியில் இறங்கி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது. உடல் விடாமல் அதை எதிர்க்கிறது. நடுவில் உடல் வென்று தோல் தெளிகிறது. போர் நடக்கும் ஓரத்தில் மட்டும் சிவப்பும் அரிப்பும் செதிலும் காணப்படுகின்றன. அந்தச் சிவந்த வளையம், நம் உடல் போராடுகிறது என்பதற்கான அடையாளம்.

எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் இந்தப் போர் முழுமையாக நடப்பதில்லை. எனவே வளையம் தெளிவாக அமையாது. அரிப்பும் குறைவாக இருக்கலாம். ஆனால் நோயோ பெரும்பரப்பில் பரவும். சில வேளை மயிர்க்கால் வழியே உள்ளிறங்கி, கட்டிகளாகவும் மாறும். நோய் வளர்கிறது, அடையாளம் மங்குகிறது. இதுவே இந்நோயாளிகளிடம் உள்ள முதல் ஆபத்து.

மருந்துக்கடைக் களிம்பு செய்ததும் இதே வேலைதான். அதில் பூஞ்சைக் கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கியது. சிவப்பும் அரிப்பும் மறைந்தன. நோய் தீர்ந்தது என்று நாங்கள் மகிழ்ந்தோம். பூஞ்சையோ தடையின்றிப் பரவியது. இப்படி முகமூடி அணிந்துவரும் படர்தாமரையை 1968-இலேயே மருத்துவ இதழில் விவரித்துப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2018-இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அரசு விதி செய்தது. விதி இருந்தும் நாம் கேட்டு வாங்குகிறோம்.

ஏற்கெனவே மாத்திரையால் எதிர்ப்பு அடங்கிய உடல். அதன் மேல் தோலிலும் அதே வகை மருந்து. இரண்டு வாசல்களையும் திறந்து வைத்துவிட்டுத் திருடன் ஏன் வந்தான் என்று கேட்பது போலாயிற்று எங்கள் நிலை.

தோலில் தோன்றும் பல முகங்கள்

சிறுநீரகம் மாற்றியவர்களின் தோலில் பூஞ்சை நோய் காண்பது மிகச் சாதாரணம். அவற்றுள் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தற்றவை. ஆயினும், எது எளியது, எது கொடியது என்று வகைப்படுத்தி அறிவது நலம்.

முதலாவது தேமல். மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை நம் அனைவர் தோலிலும் எண்ணெய்ப் பசையை உண்டு அமைதியாக வாழ்கிறது. வியர்வையும் வெப்பமும் மிகுந்து, எதிர்ப்பும் குறைந்தால் அது இழைகளை விட்டுப் பெருகி, மார்பிலும் முதுகிலும் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டுகளை உண்டாக்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், குட்டையான இழைகளும் உருண்டைகளும் கலந்து, சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம் போலவே இருக்கும்.

இரண்டாவது, மேலே கூறிய படர்தாமரை வகைகள். இதில் நம் நாட்டுக்கு ஒரு தனிக் கவலையுண்டு. டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் பெயரிடப்பட்ட ஒரு சிற்றினம், டெர்பினஃபின் என்ற வழக்கமான மருந்துக்குப் பல வேளைகளில் கட்டுப்படுவதில்லை. பெயரிலேயே இந்தியா இருப்பது பெருமைப்படத் தக்கதன்று.

மூன்றாவது கேண்டிடா. வாயில் வெண்படலமாகவும், அக்குள், தொடையிடுக்கு போன்ற ஈரமான மடிப்புகளில் செந்நிறப் புண்ணாகவும் வரும். மாற்று அறுவைக்குப் பின் தரப்படும் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சிலருக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கும். சர்க்கரை மிகுந்த உடல் கேண்டிடாவுக்கு விருந்து.

நான்காவது, முள் வழியே நுழைபவை. மண்ணிலும் மட்கிய செடிகளிலும் வாழும் கருநிறப் பூஞ்சைகள் உண்டு. காலில் முள்ளோ குச்சியோ குத்தினால் தோலுக்கடியில் தங்கி, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, வலியற்ற கட்டியாகத் தோன்றும். 'ஏதோ கொழுப்புக் கட்டி' என்று விட்டுவிடுவோர் பலர். வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது வகையே அஞ்ச வேண்டியது. இதில் நோய் உடலுக்குள் இருக்கும். தோல் அதன் அறிவிப்புப் பலகையாக மட்டும் அமையும். கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட், புறா எச்சத்திலும் மண்ணிலும் உள்ளது. மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று, அங்கிருந்து மூளைச்சவ்வு வரை பரவக்கூடியது. தலைவலி தொடங்குமுன்பே காலில் சிவந்த வீக்கமாகவோ, உடலில் சிறு கொப்புளங்களாகவோ அது தோன்றுவதுண்டு. வழக்கமான பாக்டீரியா மருந்துகளுக்கு அவ்வீக்கம் தணியாது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று நாளிதழ்கள் எழுதிய மியூகார் வகையும் இத்தகையதே. ஸ்டீராய்டும் சர்க்கரை நோயும் கூடிய இடத்தில் அது எவ்வளவு விரைவாகத் திசுக்களை அழிக்கும் என்பதை நாடே கண்டது. தோல் கருத்து அழுகினால், நாள் பார்க்காமல் மணிக்கணக்கில் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரியான மருந்தே தவறான மருந்து

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

மாத்திரை தொடங்கி எட்டாம் நாள் சித்தப்பாவின் கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியவில்லை. தலைவலி என்றார். வெயிலில் நின்றதால் என்று நாங்கள் நினைத்தோம். நல்லவேளையாக, மறுநாளே மருத்துவமனைக்கு வழக்கமான சோதனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. நானும் உடன் சென்றேன். எப்போதும் 1.2 அளவில் இருக்கும் அவருடைய கிரியேட்டினின் 2.1 ஆக ஏறியிருந்தது. டாக்ரோலிமஸின் அளவு வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு!

மருத்துவ அம்மையார் சீட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "புதுசா என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார். என் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த அறையில் அப்போது நிலவிய அமைதியை நான் மறக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. நாள்தோறும் எவ்வளவு சிதையும் என்று கணக்கிட்டே மருத்துவர்கள் அளவை நிர்ணயிக்கிறார்கள். இட்ராகொனசோல், கீட்டோகொனசோல், ஃபுளுகொனசோல், வோரிகொனசோல் போன்ற 'அசோல்' குடும்ப மருந்துகள் அந்த நொதியைத் தடுத்துவிடுகின்றன. வடிகால் அடைபட்ட தொட்டியில் வழக்கம்போல் நீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் இரத்தத்தில் நிகழ்கிறது. டாக்ரோலிமஸ் ஏறிக்கொண்டே போகிறது. அளவு மிஞ்சிய டாக்ரோலிமஸ் நரம்பைப் பாதித்து நடுக்கத்தைத் தரும். எந்தச் சிறுநீரகத்தைக் காக்க வந்ததோ அதையே கெடுக்கவும் செய்யும். பூஞ்சைக்கு மருந்து வாங்கித் தருகிறேன் என்று, அப்பாயி கொடுத்த சிறுநீரகத்துக்கு நானே தீங்கு தேடித் தந்திருந்தேன்.

இதே உண்மையை அறிந்தவர்கள் நன்மைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சைக்ளோஸ்போரின் விலை மிகுந்த மருந்தாக இருந்த காலத்தில், நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் கீட்டோகொனசோலை வேண்டுமென்றே உடன் கொடுத்து, குறைந்த அளவு சைக்ளோஸ்போரினே போதும்படி செய்து, ஏழை நோயாளிகளின் செலவைக் குறைத்தனர். அவர்கள் இரத்த அளவை அளந்து பார்த்துச் செய்தனர். நான் அளவே தெரியாமல் செய்தேன். மருந்து ஒன்றுதான், அறிவும் அறியாமையும் அதை வேறு வேறாக்கின.

இதன் மறுபக்கமும் உண்டு. பயந்துபோய் அசோல் மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலும், சில நாளில் நொதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். டாக்ரோலிமஸின் அளவு விழும். அப்போது அதைத் திரும்ப உயர்த்தாவிட்டால் நிராகரிப்பு தலைதூக்கும். ஆகவே தொடங்குவதற்கும் கணக்கு வேண்டும், நிறுத்துவதற்கும் கணக்கு வேண்டும். வீட்டிலிருந்து செய்யக்கூடிய கணக்கன்று அது.

நுண்ணோக்கியில் கண்டது

மருத்துவ அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இட்ராகொனசோலை நிறுத்தினார். டாக்ரோலிமஸை முதலில் குறைத்து, பிறகு சிறிது சிறிதாக ஏற்றினார். இரண்டு நாளுக்கொரு முறை இரத்தம் சோதிக்கப்பட்டது. சித்தப்பா பத்து நாள் அங்கேயே தங்கினார். அந்தப் பத்து நாளும் நான் சரியாக உறங்கவில்லை.

மூன்று மாதங்களாக நாங்கள் செய்யாத ஒன்றை அங்கே ஒரே மணி நேரத்தில் செய்தார்கள். புண்ணின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, அந்தச் செதிலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இட்டார்கள். தோல் அணுக்கள் கரைந்து தெளிய, பூஞ்சை மட்டும் எஞ்சி நிற்கும். நான் தாவரவியல் மாணவன் என்று அறிந்த ஆய்வக அக்கா ஒருவர், "வா, நீயே பாரு" என்று நுண்ணோக்கியின் முன் அமர்த்தினார்.

பார்த்தேன். குறுக்குச் சுவர்களுடன் கிளைத்துச் செல்லும் தெளிந்த இழைகள்! எங்கள் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பாகங்கள் குறித்து, ஆசிரியரின் கையொப்பமும் பெற்ற அதே இழைகள். வகுப்பில் அவை எனக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கான படம். அங்கே அவை என் சித்தப்பாவின் தோல். படித்ததற்கும் அறிந்ததற்கும் உள்ள தொலைவை அன்றுதான் உணர்ந்தேன்.

ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக் களிம்பை முதலில் தந்தார்கள். கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கிய பிறகு, டாக்ரோலிமஸோடு பெரிதும் மோதாத டெர்பினஃபின் மாத்திரையைக் கண்காணிப்போடு கொடுத்தார்கள். வழக்கத்தைவிட நீண்ட நாள் தொடர வேண்டியிருந்தது. சித்திக்கும் குழந்தைகளுக்கும் இருந்த திட்டுகளுக்கும் சேர்த்தே மருத்துவம் நடந்தது. ஏனெனில், ஒரே துண்டை நால்வர் பயன்படுத்தும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் படர்தாமரை தீருவதில்லை. இன்று சித்தப்பாவின் தோல் தெளிந்திருக்கிறது. சிறுநீரகமும் நலமே.

நாம் செய்யத் தக்கவை

சிறுநீரகம் மாற்றியவர் நம் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இவற்றை அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

தோலில் புதிய திட்டு, கட்டி, ஆறாத புண் எது தோன்றினாலும் அடுத்த சோதனை நாள் வரை காத்திராமல் மாற்று அறுவைப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அரிப்பில்லை என்பது ஆறுதலன்று.

எந்த மாத்திரையையும், அது தலைவலிக்கானதாயினும், நாட்டு மருந்தாயினும், கேட்காமல் சாப்பிடக் கூடாது. சில பழங்கள்கூட இதே நொதியைத் தடுக்கும். கிரேப்ஃபுரூட் என்னும் பழமும் நம் பம்பளிமாஸும் அத்தகையவை. வேறொரு மருத்துவரிடம் சென்றால், உண்ணும் மருந்துகளின் சீட்டை முதலில் காட்ட வேண்டும்.

பூஞ்சைக்குப் பயந்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெருந்தவறு. படர்தாமரையைத் தீர்க்க வழியுண்டு. போன சிறுநீரகம் திரும்பாது.

துண்டு, சோப்பு, உள்ளாடை ஆகியவை தனியாக இருக்கட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். குளித்தபின் கால்விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். வயலுக்குச் செல்லும்போது கால்களுக்குக் காப்பு வேண்டும்; சித்தப்பா இப்போது முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிகிறார். ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது பழகிவிட்டது.

முடிவாக

பூஞ்சையை நண்பன் என்பதா, பகைவன் என்பதா? மனிதனின் நன்மை தீமைகளை எண்ணி அது எதையும் செய்வதில்லை. மண்ணில் தன் வாழ்வுக்காக அது படைத்த பொருளை நாம் மருந்தாக்கிக் கொண்டோம். அம்மருந்தால் நம் காவல் தளர்ந்தபோது, தன் உணவைத் தேடி அது வந்தது. இரண்டும் ஒரே இயற்கையின் இரு பக்கங்கள். இடையில் நின்று அளவு பார்க்க வேண்டியவர் நாமே.

என் போன்ற நண்பர்கள் பலர் இக்கல்லூரியில் இருக்கிறீர்கள் என்பதை அறிவேன். வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவர்கள் நாம். நம் பெற்றோரும் உறவினரும் மருந்துச் சீட்டை நம்மிடம் நீட்டும்போது, 'படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும்' என்ற முழு நம்பிக்கையோடு நீட்டுகிறார்கள். அட்டையில் எழுதியிருப்பதை நம்மால் படிக்க முடியும். எழுதாமல் விட்டதைப் படிக்க நமக்கு இன்னும் தெரியாது. 'எனக்குத் தெரியாது, வாருங்கள், தெரிந்தவரிடம் கேட்போம்' என்று சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை. இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

சென்ற மாதம் சித்தப்பா இருமலுக்கு ஒரு மருந்து கேட்டார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். அருகில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி, "இப்பத்தான் நீ படிச்ச பிள்ளை" என்றார்.

நான் பெறப்போகும் பட்டத்தைவிட அது எனக்குப் பெரிது.